பேசு, ஆனால் ஏன் என்று கேட்காதே! பகல் வானொலிக்குப் பூட்டுப் போட்டது யார்?

பகல் பதினொரு மணி. சென்னையில் ஒரு சந்துக்குள் இருக்கும் தையற் கூடம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இயந்திரங்களின் முன் குனிந்து தைத்துக் கொண்டிருக்கிறார்கள். சுவரில் அடித்த ஆணியில் ஒரு வானொலிப் பெட்டி தொங்குகிறது. "இன்றைக்கு நம்ம தலைப்பு: உங்க வீட்டில் மாமியார் சமையலா, மருமகள் சமையலா?" என்று ஒரு குரல் குழைகிறது. டெலிபோனில் ஒரு பெண் வருகிறாள்.

"எங்க வீட்ல மாமியார்தான் சமைக்கிறாங்க அக்கா. நான் விடியக்காலம் மூணு மணிக்கே தண்ணி லாரிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன். ஏங்க்கா, பக்கத்துத் தெருவுக்கெல்லாம் வருது, எங்க தெருவுக்கு மட்டும்..."

"அச்சச்சோ! பாவம் நீங்க! உங்களுக்காகவே ஒரு சூப்பர் பாட்டு!"

பாட்டு வருகிறது. பாட்டு முடிந்ததும் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவிக்கு விளம்பரம் வருகிறது. தையற் கூடத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். "அவ கேட்டதுக்கு இதுதான் பதில் போல" என்கிறாள்.

அந்த நிகழ்ச்சியை நடத்திய அறிவிப்பாளர் மீது நமக்குக் கோபம் இல்லை. அவளும் மாதக் கூலிக்கு உழைப்பவள்தான். "ஏன்" என்ற சொல்லைக் காதில் வாங்கினால் தன் வேலைக்கும், கம்பெனியின் லைசென்சுக்கும் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். அவள் தொண்டையில் பூட்டைப் போட்டது யார்? சாவி யாரிடம் இருக்கிறது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 380க்கு மேற்பட்ட தனியார் பண்பலை நிலையங்கள் இருக்கின்றன. காலை முதல் இரவு வரை அவை ஓயாமல் பேசுகின்றன. காதலைப் பற்றிப் பேசலாம். கணவன் மனைவி சண்டையைப் பற்றிப் பேசலாம். சினிமா நட்சத்திரம் எந்த ஊருக்கு உல்லாசப் பயணம் போனார் என்று அரை மணி நேரம் பேசலாம். ஆனால் செய்தியும் நாட்டு நடப்பும் மட்டும் கூடாது! 1999இல் வாஜ்பாய் சர்க்கார் தனியாருக்கு அலைவரிசைகளைத் திறந்துவிட்டபோதே இந்தத் தடையும் கூடப் பிறந்தது. 2005இலும் 2011இலும் மன்மோகன் சிங் சர்க்கார் கொள்கையைத் திருத்தியது. தடையின் அடித்தளத்தைத் தொடவில்லை. 2014க்குப் பிறகு வந்த மோடி சர்க்காரும் அதே பூட்டுக்கு எண்ணெய் போட்டுக் காத்து வருகிறது. நாற்காலியில் ஆள் மாறினார்கள், பூட்டு மாறவில்லை.

2011ஆம் ஆண்டுக் கொள்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எதையெல்லாம் "செய்தி அல்ல" என்று கருதி அனுமதிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். விளையாட்டு வர்ணனை, போக்குவரத்து நெரிசல், வானிலை, திருவிழா, பரீட்சை முடிவு, கல்லூரி அட்மிஷன், வேலை வாய்ப்பு விளம்பரம் ஆகியவை அனுமதிக்கப்பட்டன. மின்சாரம், தண்ணீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை ஆகியவற்றைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் அறிவிப்பைத்தான் சொல்ல வேண்டும்!

இந்த விதியை அந்தத் தண்ணீர்க் குடத்தோடு வைத்துப் பாருங்கள். "நாளை காலை பத்து மணி முதல் குழாயில் தண்ணீர் வராது" என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால் வானொலி அதைச் சொல்லலாம். "ஏன் வராது? நேற்றும் வரவில்லையே? பக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்கு மாளிகைக்கு மட்டும் எப்படி வருகிறது?" என்று குடத்தோடு நிற்கிற பெண் கேட்டால் அது நாட்டு நடப்பாகிவிடும், தடைக்குள் வந்துவிடும். அதிகாரியின் வாயிலிருந்து வந்தால் அறிவிப்பு. மக்களின் வாயிலிருந்து வந்தால் குற்றம். இதைவிடப் பச்சையாக ஒரு வர்க்க நியாயத்தை எழுதி வைக்க முடியுமா?

செய்தியே கூடாது என்றும் சொல்லவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பிக் கொள்ளலாம் என்று அதே கொள்கையில் சலுகை கொடுத்தார்கள். சர்க்கார் எழுதிய செய்தியைக் கிளிப்பிள்ளை போல் திருப்பிச் சொல்லலாம். சொந்த நாக்கு மட்டும் இருக்கக் கூடாது.

அடுக்களை வேறு, நாட்டு நடப்பு வேறா?

இந்தத் தடைக்கு அடியில் ஒரு பெரிய பொய் புதைந்து கிடக்கிறது. அன்றாட வாழ்க்கை ஒரு பக்கம், அரசியல் இன்னொரு பக்கம் என்பதே அந்தப் பொய். சமையல், குழந்தை வளர்ப்பு, மாமியார் மருமகள், இவை "வாழ்க்கை". விலைவாசி, கூலி, ரேஷன், பஸ் கட்டணம், இவை "அரசியல்". பகல் நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கும், வேலை செய்து கொண்டே கேட்கும் தொழிலாளர்களுக்கும் முதலாவது போதுமாம். இரண்டாவதை மாலையில் தொலைக்காட்சியில் கனவான்கள் பேசிக் கொள்வார்களாம்.

உண்மையில் அடுக்களையில் எது அரசியல் இல்லாமல் இருக்கிறது? அடுப்பில் எரிகிற சமையல் வாயுவின் விலையை நிர்ணயிப்பது யார்? உலையில் போடுகிற அரிசி ரேஷன் கடையில் கிடைப்பதும் கிடைக்காததும் யார் கையில்? குழந்தைக்கு ஜுரம் வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா என்பது யாருடைய பொறுப்பு? "வரவுக்குள் குடும்பம் நடத்துவது எப்படி?" என்று பகல் முழுவதும் யோசனை சொல்கிறார்களே, அந்த வரவு ஏன் அவ்வளவு சிறியது என்று ஒரு நிமிடம் பேசக் கூடாதா? பருப்பை வறுக்கும் பக்குவம் வரை சொல்லலாம், பருப்பைப் பதுக்கியவன் யார் என்று சொல்லக் கூடாது என்பது என்ன ஒழுங்கு?

இப்படிப் பாதி வாழ்க்கையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் பேசும்போது ஒரு விபரீதம் நேருகிறது. எல்லாத் துன்பமும் அவரவர் குணத்தின் கோளாறாகத் தோன்றுகிறது. கடன் பட்டாயா, சிக்கனம் போதாது. தூக்கம் வரவில்லையா, மனதை லேசாக வைத்துக் கொள். கணவன் குடிக்கிறானா, அன்பாக எடுத்துச் சொல். உழைப்பவனைச் சுரண்டும் அமைப்பு எங்கோ மறைந்து போகிறது. உழைப்பவளே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். தடை செய்தவர்களுக்கு வேண்டியதும் இதுதான்.

கை வேலையில் இருக்கும், காது விடுபட்டிருக்கும்

"இந்தக் காலத்தில் வானொலியை யார் ஐயா கேட்கிறார்கள்? எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். பகலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வி இது. கைப்பேசியைப் பார்க்கக் கண் வேண்டும், தடவக் கை வேண்டும், டேட்டாவுக்குக் காசு வேண்டும். பீடி சுற்றுகிறவளுக்கும், தையல் தைக்கிறவளுக்கும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், சலூனில் கத்தரி பிடித்திருப்பவருக்கும் கண்ணும் கையும் வேலைக்கு அடகு. பாக்கி இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்குப் பகல் நேரத்தில் இலவசமாக எட்டுவது வானொலி.

உழைப்பாளிகள் இதை வானொலி பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்து விட்டார்கள். கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1865இல் சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஓர் ஆளை நியமித்தார்கள். இவர்கள் சுருட்டுச் சுற்ற, அவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையையும் நாவல்களையும் உரக்க வாசிப்பார். மறு ஆண்டே ஸ்பானிய கவர்னர் அதற்குத் தடை போட்டார்! ஆனாலும் அந்த வழக்கம் அழியவில்லை. கடல் தாண்டி, அமெரிக்காவின் டாம்பா நகரத்துச் சுருட்டு ஆலைகளுக்கும் போயிற்று. அங்கே 1931இல் முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வாசிப்பவர் திரும்பி வரவில்லை. அவர் இருந்த இடத்தில் பின்னர் வந்து உட்கார்ந்தது எது தெரியுமா? வானொலிப் பெட்டி!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் இதே காரியத்தைச் செய்தார்கள். ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அவர் பங்குக்குச் சேர வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பேருக்கு உலக அரசியலைச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் அந்தப் பீடிக் கொட்டகைதான். வாசித்து முடித்ததும் விவாதம் நடக்கும். "ஏன்" என்ற சொல்லுக்கு அங்கே தடை இல்லை.

முதலாளிகளுக்கும் பகல் வானொலியின் சக்தி தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூனில், பிரிட்டனில் பி.பி.சி. தொழிற்சாலைகளுக்கென்று பகலில் ஒரு சங்கீத நிகழ்ச்சியைத் தொடங்கியது. வேலையின் வேகம் தளராமல் இருப்பதற்காகவே பாட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆக, உழைப்பவர் காதில் எதைப் போடுவது என்பது முக்கியமான விஷயம் என்று மேலே இருப்பவர்கள் என்றைக்கோ புரிந்து கொண்டுவிட்டார்கள். புரிந்து கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

பேச விட்டால் என்ன நடக்கும்?

பேச விட்டால் என்ன நடக்கும் என்று அயர்லாந்து காட்டியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி இறுகியிருந்த நாடு அது. 1984 ஜனவரி 31 அன்று கிரானார்டு என்ற சிற்றூரில், மாதா கோயிலை ஒட்டிய கெபியில், பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி தன்னந்தனியாகக் குழந்தை பெற்றாள். குழந்தையும் இறந்தது, அவளும் இறந்தாள். ஊர் வாயை மூடிக் கொண்டது. அப்பொழுது அந்த நாட்டு வானொலியில் கே பர்ன் என்பவர் காலை நேரத்தில் குடும்ப விஷயங்களைப் பேசும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தார். அவருக்குப் பெண்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். பல்லாண்டுகளாகத் தாயிடமும் கணவனிடமும் சொல்லாமல் மறைத்த துயரத்தை எழுதினார்கள். பிப்ரவரி 23 அன்று அந்தக் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வானொலியில் வாசிக்கப்பட்டன. வேறு வேலை இல்லாதவர்கள் கேட்கும் அரட்டை என்று எண்ணப்பட்ட பகல் நிகழ்ச்சி, ஒரு நாட்டின் மௌனத்தை உடைத்தது. தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று எண்ணிக் குமைந்தவள், இது ஆயிரம் பேருக்கு நேர்ந்த அநீதி என்று உணர்ந்தாள்.

பகல் வானொலியின் மெய்யான வேலை இதுவே. தனித் தனி வீட்டில் தனித் தனியாகக் கண்ணீர் விடுகிறவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கும் வேலை அது. நம் பெண்களுக்கு எழுதுவதற்குக் கடிதங்கள் இல்லையா? தாலி அடகுக் கடையில் இருப்பதைப் பற்றியும், நுண்கடன் கம்பெனிக்காரன் வாசலில் வந்து நின்று கத்துவதைப் பற்றியும், மில்லில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்பதைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா?

நம் நாட்டிலேயே வானொலி மக்களின் வாழ்க்கையைத் தொட்ட நாட்கள் உண்டு. 1960களில் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றி வானொலியில் கேட்டு அறிந்து பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பெயர் வைத்தார்கள்! விதையைப் பற்றிச் சொன்னபோது காது கொடுத்த உழவனுக்கு, அந்த நெல்லுக்குக் கட்டுப்படியான விலை ஏன் இல்லை என்று பேசும் வானொலி மட்டும் ஆகாதா?

பொதுச் சொத்து ஏலத்தில்

ஆகாய அலை யாருக்குச் சொந்தம்? இது நம் கட்சியின் கோஷம் மட்டும் அல்ல. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான வழக்கில், சுப்ரீம் கோர்ட் தெள்ளத் தெளிவாகச் சொன்னது: ஆகாய அலைகள் பொதுச் சொத்து; அவை பொது நன்மைக்கே பயன்பட வேண்டும்; சர்க்காரின் ஏகபோகமும் கூடாது, தனியார் ஏகபோகமும் கூடாது. சமுதாயத்தின் எல்லாப் பகுதியினருக்கும் பிரதிநிதித்துவம் உள்ள சுதந்திரமான அமைப்பு ஒன்று அவற்றை நிர்வகிக்க வேண்டும் என்றும் கூறியது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகள் ஆவதற்குள் பொதுச் சொத்து ஏலத்துக்கு வந்தது. அதிகப் பணம் கட்டியவனுக்கு அலைவரிசை. 2024 ஆகஸ்டிலும் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய மந்திரி சபை முடிவு செய்தது. அவற்றுக்கு வைத்த அடிப்படை விலை 784 கோடி ரூபாய்க்கு மேல்! இவ்வளவு பணம் கொட்டுகிறவன் மக்கள் குறையைக் கேட்கவா வருவான்? விளம்பரம் பிடிக்க வருவான். தண்ணீர் வராத தெருவுக்குத் தண்ணீர் கருவி விற்க வருவான்.

இதில் ஒரு பேரம் இருக்கிறது. சர்க்கார் முதலாளிக்குச் சொல்கிறது: "நீ எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதித்துக் கொள், மக்களைக் கேள்வி கேட்க மட்டும் விடாதே." முதலாளி சர்க்காருக்குச் சொல்கிறான்: "நல்லது எஜமானே! கேள்வி கேட்டால் விளம்பரக்காரனும் ஓடிவிடுவான்." பூட்டு ஒருவனுடையது, கதவு ஒருவனுடையது, உள்ளே அடைபட்டிருப்பது நம் குரல்.

சமுதாய வானொலி: கதவு திறந்தது, ஆனால் யாருக்கு?

"ஏழைகளுக்கென்று சமுதாய வானொலி கொடுத்திருக்கிறோமே" என்று மார் தட்டுவார்கள். உண்மைதான். 2004இல் சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தில் அத்தகைய முதல் நிலையம் தொடங்கியது. 2008இல் அன்றைய ஆந்திராவின் மேதக் மாவட்டத்து மச்னூரில் தலித் உழவுப் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ எழுந்தது. நம் பாம்பனில் மீனவர்களுக்கான "கடல் ஓசை" 2016இல் ஒலிக்கத் தொடங்கியது. இவற்றை நாம் மனமார வாழ்த்துகிறோம். எழுத்தறியாத பெண்ணும் ஒலிவாங்கி பிடித்துப் பேச முடியும் என்று இவை நிரூபித்திருக்கின்றன.

ஆனால் 2006ஆம் ஆண்டு விதிகள் இவற்றின் வாயிலும் அதே பூட்டைத்தான் மாட்டின. செய்தி, நாட்டு நடப்பு, அரசியல் சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது! அந்த விதியை வைத்துக் கொண்டு மீனவர் வானொலி என்ன பேச முடியும்? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லலாம். அலை எத்தனை அடி உயரும் என்று சொல்லலாம். கடலுக்குப் போனவனை இலங்கைக் கடற்படை பிடித்துக் கொண்டு போனால்? படகு பறிபோனால்? கரையில் நிற்கிற மனைவிக்கு அதுதான் அன்றாட வாழ்க்கை. விதிப் புத்தகத்துக்கு அது நாட்டு நடப்பு!

இன்னொன்றையும் கவனியுங்கள். சமுதாய வானொலி நடத்தத் தகுதியற்றவர்கள் என்று ஒரு பட்டியல் அதே விதிகளில் இருக்கிறது. அரசியல் கட்சிகளும், அவற்றோடு இணைந்த மாணவர், மாதர், தொழிற்சங்க அமைப்புகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட இயக்கங்களும் அதே பட்டியலில்தான் வருகின்றன! இவர்கள் கண்ணில் பல்கலைக் கழகம் சமுதாயம். தொண்டு நிறுவனம் சமுதாயம். பல லட்சம் தொழிலாளர்கள் சந்தா கட்டி நடத்தும் சங்கம் சமுதாயம் அல்ல! பணம் உள்ளவன் ஏலத்தில் எடுக்கலாம், தொழிலாளி கேட்டால் விண்ணப்பத்தைக்கூட வாங்க மாட்டோம் என்பது என்ன ஜனநாயகம்?

ஒருவருக்கு மட்டும் மனம் திறக்க உரிமை

சர்க்கார் வானொலியின் கதை என்ன? 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. 1997இல் அமலுக்கு வந்தது. வானொலி சுயாட்சி பெறும் என்றார்கள். 2014 அக்டோபர் 3 முதல் பிரதம மந்திரி மோடி "மனதின் குரல்" என்று அதில் மாதந்தோறும் பேசி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி. அதுவும் பகல் வானொலிதான்! நாட்டு நடப்பும் உண்டு, வாழ்க்கை உபதேசமும் உண்டு. மக்கள் கடிதம் எழுதலாம், யோசனை அனுப்பலாம். ஆனால் நேருக்கு நேர் எதிர்க் கேள்வி போட முடியாது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் ஒரே ஒரு மனதுக்குத்தான் குரல் இருக்கிறதா? மற்றவர்களுக்கெல்லாம் மனம் இல்லையா, அல்லது குரல் இல்லையா?

அதே வானொலி நிலையங்களில் உள்ளூர் ஊழியர்கள் எத்தனையோ ஆண்டுகளாக மாதர் நிகழ்ச்சியும், விவசாயிகள் நிகழ்ச்சியும், நாடகமும் ஊர்ப் பாடலும் தயாரித்து வளர்த்தார்கள். அந்த மரபை மதித்து, ஆளும் பணமும் கொடுத்து, மக்கள் பேசும் மேடையாக அதை விரிப்பதுதான் சுயாட்சிக்கு அடையாளம். மேலிருந்து வருவதை அஞ்சல் செய்வது சுயாட்சி ஆகாது.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

தடையை நியாயப்படுத்த இரண்டு சாக்குகள் சொல்கிறார்கள்.

முதல் சாக்கு, நாட்டின் பாதுகாப்பு. வானொலியில் பேசுவதையெல்லாம் கண்காணிக்க முடியாதாம். விஷமிகள் புகுந்து விடுவார்களாம். நூற்றுக்கணக்கான தனியார் தொலைக்காட்சிகள் இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி என்ற பெயரில் கூச்சல் போடுகின்றனவே, அங்கே பாதுகாப்பு கெடவில்லையா? மதத்துக்கு மதம் மூட்டி விடுகிற விஷம் அங்கே வழியவில்லையா? பணக்காரனின் தொலைக்காட்சியில் கெடாத பாதுகாப்பு, தையற்காரியின் வானொலியில் கெட்டுவிடுமா? வதந்திக்கும் வெறுப்புப் பேச்சுக்கும் தண்டனை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. குற்றம் செய்தவனைத் தண்டியுங்கள். எல்லோர் வாயையும் ஏன் தைக்கிறீர்கள்?

இரண்டாவது சாக்கு, "மக்கள் பாட்டைத்தான் விரும்புகிறார்கள்." பாட்டை யார் வேண்டாம் என்றது? உழைத்துக் களைத்தவனுக்குப் பாட்டு வேண்டும், சிரிப்பும் வேண்டும். ஆனால் கடையில் ஒரே பண்டத்தை வைத்துக் கொண்டு, வருகிறவன் எல்லாம் அதைத்தான் விரும்பி வாங்குகிறான் என்று கணக்குக் காட்டுகிற கடைக்காரனை என்னவென்று சொல்வது?

தடை நிற்கத் தகுந்ததா என்ற கேள்வி 2013இலேயே ஒரு பொது நல வழக்காகச் சுப்ரீம் கோர்ட் வாசலுக்குப் போயிற்று. 2023 செப்டம்பரில், சர்க்காரின் சொந்த அமைப்பான தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே, தனியார் வானொலிகள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரை செய்தது. பத்து நிமிடம்! ஐம்பது நிமிடம் விளம்பரமும் பாட்டும், பத்து நிமிடம் நாடு. அதுவும் செய்தி வாசிக்கத்தான். டெலிபோனில் வரும் பெண் "ஏன்" என்று கேட்க அல்ல.

நாம் கேட்பது என்ன?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் நம் தோழர்களுக்கே எழும். "தடையை எடுத்தால் முதலாளிக்குத்தானே ஒலிபெருக்கி கிடைக்கும்? தொலைக்காட்சியை நாசம் செய்தவர்கள் வானொலியையும் நாசம் செய்ய மாட்டார்களா?" சந்தேகம் சரியானது. அமெரிக்காவில் அதுதான் நடந்தது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் எல்லாத் தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் அங்கே ஒரு விதி இருந்தது. 1987இல் அதை எடுத்தார்கள். மறு ஆண்டே ரஷ் லிம்பா என்ற வலதுசாரிப் பேச்சாளர் நாடெங்கும் பகல் வானொலியில் முழங்கத் தொடங்கினார். ஒரு கம்பெனி நாற்பது நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் 1996இல் நீக்கினார்கள். ஒரே கம்பெனி ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்களை விழுங்கியது. தொழிற்சங்கத்தையும், ஏழைக்குக் கிடைக்கும் உதவித் தொகையையும் பழித்துப் பேசுவதைப் பேச்சுச் சுதந்திரம் என்றார்கள்.

ஆகவே பூட்டை உடைத்தால் மட்டும் போதாது. வீடு யாருக்கு என்றும் முடிவு செய்ய வேண்டும். நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று. எல்லா வானொலிகளிலும் செய்திக்கும் நாட்டு நடப்புக்கும் உள்ள தடை முழுவதும் நீங்க வேண்டும். பத்து நிமிடப் பிச்சை வேண்டாம்.

இரண்டு. சர்ச்சைக்குரிய விஷயத்தில் எதிர்த் தரப்புக்கும் இடம் கொடுப்பது கட்டாயமாக வேண்டும். பத்திரிகையும் தொலைக்காட்சியும் வைத்திருக்கிறவனே அதே ஊரின் வானொலியையும் விழுங்காதபடி தடுக்க வேண்டும்.

மூன்று. அலைவரிசைகளில் ஒரு நியாயமான பங்கை ஏலத்துக்கு வெளியே ஒதுக்கி, தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றுக்கு வழங்க வேண்டும். தகுதியற்றோர் பட்டியலிலிருந்து அவற்றை நீக்க வேண்டும்.

நான்கு. சர்க்கார் வானொலியின் ஒவ்வொரு நிலையத்திலும் நாள்தோறும் பகலில் மக்கள் டெலிபோனில் நேரே பேசும் நிகழ்ச்சி வேண்டும். அதிகாரியும் மந்திரியும் வந்து பதில் சொல்ல வேண்டும். அவர்கள் வராவிட்டால், வரவில்லை என்பதையும் அந்த நிகழ்ச்சியிலேயே சொல்ல வேண்டும்.

ஐந்து. நிகழ்ச்சி நடத்தும் ஊழியர்களுக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். ஒரு கேள்விக்கு இடம் கொடுத்ததற்காக யாரும் வேலை இழக்கக் கூடாது.

தோழர்களே! இவை நடக்காத கனவுகள் அல்ல. சுருட்டுத் தொழிலாளி தன் கூலியைக் கொடுத்து வாசிப்பவரை வைத்தான். பீடித் தொழிலாளி தோழனுக்காக இரட்டைப் பங்கு சுற்றினான். அவர்களிடம் அலைவரிசை இல்லை, கருவி இல்லை. தாம் கேட்பதைத் தாமே தீர்மானிப்போம் என்ற உறுதி இருந்தது.

அந்த உறுதி நமக்கும் வேண்டும். பகல் நிகழ்ச்சிகளுக்கு டெலிபோன் செய்யுங்கள். தலைப்பு மாமியார் சமையலாக இருக்கட்டும். அரிசி விலையைச் சொல்லுங்கள். தலைப்பு காதலாக இருக்கட்டும். சாதி பார்த்துக் கொல்கிறார்களே என்று கேளுங்கள். பாட்டுப் போட்டு மூடுவார்கள். மறுநாள் இன்னொருவர் கேளுங்கள். சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். தையற் கூடத்தில் சிரித்த அந்தப் பெண்ணுக்கு விஷயம் ஏற்கெனவே புரிந்திருக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் பேசுங்கள்.

அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை? இந்தக் கேள்வி பாட்டுக்கு நடுவில் அடங்கிப் போக நாம் விடப் போவதில்லை.